செசா பூடீன்: சான் பிரான்சிஸ்கோ டி.ஏ. சர்ச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024இல் கமலா ஹாரிஸ் அதிபர் தேர்தலில் நின்றபோது, "டி.ஏ.வா இருந்தாங்களாமே, அது என்ன வேலை?" என்று ஊரிலிருந்து கேட்க ஆரம்பித்தார்கள். பேச்சு எப்படியும், பின்னாளில் அதே ஊர் டி.ஏ.வாகி வாக்காளர்களால் பாதியில் இறக்கப்பட்ட செசா பூடீன் பக்கம் திரும்பிவிடும். யாரோ அனுப்பிய வீடியோ, யாரோ சொன்ன கதை, அதற்குமேல் பத்து சந்தேகம். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வார்த்தையிலேயே இருக்கின்றன. நான் எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்கு: பதில்களில் அது தெரியும், மறைக்கவில்லை.

டி.ஏ.ன்னா யாரு? நம்ம ஊர் அரசு வக்கீல் மாதிரியா?

பாதிதான் அப்படி. நம் ஊரில் அரசு வழக்கறிஞரை அரசு நியமிக்கும், ஆட்சி மாறினால் பெரும்பாலும் ஆளும் மாறுவார். குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்வது போலீஸ். கலிஃபோர்னியாவில் போலீஸ் கைது செய்து கோப்பை அனுப்புவதோடு சரி. வழக்குப் போடுவதா வேண்டாமா, எந்தப் பிரிவில் போடுவது, எத்தனை வருடம் கேட்பது, குற்றத்தை ஒப்புக்கொண்டால் எவ்வளவு குறைப்பது, எல்லாம் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அதாவது டி.ஏ., முடிவு. மாநிலத்தில் 58 கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), ஒவ்வொன்றுக்கும் ஒரு டி.ஏ., மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் நகரமும் கவுண்டியும் ஒன்றே.

இதில் கவனிக்க வேண்டியது, வழக்குப் போடாமல் இருக்கும் அதிகாரம். அந்த முடிவை நீதிபதிகூட எளிதில் மாற்ற முடியாது. கீழே வரும் சண்டைகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்பின.

கமலா ஹாரிஸ் இருந்தது இதே நாற்காலியிலா? அவங்க மேலயும் புகார் உண்டா?

அதே நாற்காலிதான், 2004 முதல் 2011 வரை. பதவியேற்ற சில மாதங்களிலேயே, 2004 ஏப்ரலில், ஓர் இளம் போலீஸ் அதிகாரி பணியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களுக்குள் ஹாரிஸ் மரண தண்டனை கேட்கப்போவதில்லை என்று அறிவித்தார். இறுதிச் சடங்கில், அவர் உட்கார்ந்திருக்கும்போதே, அவர் கட்சிக்காரரான செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் மேடையேறி அதைக் கண்டித்தார். மண்டபம் நிறைய இருந்த போலீஸ்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 2010இல் போலீஸ் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவரே கொக்கெயின் எடுத்த விவகாரம் வெடித்து, நூற்றுக்கணக்கான போதைப்பொருள் வழக்குகள் தள்ளுபடியாயின. அந்தக் கூடத்தின் குறைகளை எதிர்த்தரப்பு வக்கீல்களுக்குத் தெரிவிக்கவில்லை என்று அவருடைய அலுவலகத்தை நீதிபதி கடிந்துகொண்டார்.

ஆக, அந்த நாற்காலியில் சர்ச்சை இல்லாமல் யாரும் உட்காரவில்லை. ஆனால் அதிலிருந்து வாக்காளர்கள் பாதியில் இறக்கிவிட்ட ஒரே டி.ஏ. பூடீன்தான்.

இந்த பூடீன் யாரு? அப்பா அம்மா தீவிரவாதியாமே?

பெற்றோர் கேத்தி பூடீனும் டேவிட் கில்பர்ட்டும் வெதர் அண்டர்கிரவுண்ட் என்ற தீவிர இடதுசாரிக் குழுவில் இருந்தவர்கள். 1981 அக்டோபரில் நியூயார்க் அருகே பிரிங்ஸ் நிறுவனத்தின் பண வண்டியைக் கொள்ளையடித்த கும்பலுக்குத் தப்பிக்கும் வண்டியில் இருந்தார்கள். ஒரு காவலாளியும் இரண்டு போலீஸ்காரர்களும் இறந்தார்கள். மகனுக்கு அப்போது 14 மாதம். அவரை வளர்த்தது அதே இயக்கத்தின் பழைய தலைவர்களான பில் ஏயர்ஸ், பெர்னடீன் டோர்ன் தம்பதி. அம்மா 2003இல் பரோலில் வந்தார். அப்பா வெளியே வந்தது 2021 நவம்பரில், மகன் டி.ஏ.வாக இருக்கும்போது.

யேலில் படிப்பு, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு, மறுபடி யேலில் சட்டம். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் பப்ளிக் டிஃபெண்டர், அதாவது வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் அரசுச் சம்பள வக்கீல். எதிர்த் தரப்பிலேயே வேலை பார்த்தவரை வழக்குத் தொடுக்கும் பதவியில் உட்கார வைத்தது சரியா என்று கேட்கலாம், அது நியாயமான கேள்வி. பெற்றோர் செய்ததைக் கைக்குழந்தை தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்படிப்பட்டவருக்கு எப்படி ஓட்டுப் போட்டாங்க?

2019இல் ஊரின் மனநிலை வேறு. சிறைக்கூட்டம், கறுப்பினத்தவர் மீதான பாகுபாடு இரண்டும் அமெரிக்கா முழுக்கப் பேசுபொருள். சிகாகோ, ஃபிலடெல்ஃபியா போன்ற ஊர்களிலும் சீர்திருத்தம் பேசியவர்கள் இந்தப் பதவிக்கு வந்திருந்தார்கள். தேர்தலுக்குச் சில வாரம் முன்பு அப்போதைய டி.ஏ. ஜார்ஜ் காஸ்கோன் விலக, மேயர் லண்டன் பிரீட் போட்டியில் இருந்த சூசி லாஃப்டஸை இடைக்கால டி.ஏ.வாக நியமித்தார். அது பலருக்குப் பிடிக்கவில்லை. போலீஸ் சங்கம் பூடீனுக்கு எதிராக லட்சக்கணக்கான டாலர் இறைத்ததும் அவருக்கே சாதகமாகப் போனது.

ஆனால் வெற்றி மயிரிழையில். வாக்காளர்கள் குறித்த விருப்ப வரிசைப்படி எண்ணி முடித்தபோது ஏறக்குறைய 51க்கு 49. கூட்டாளிகள் அதைப் பெரிய அலை மாதிரி கொண்டாடினார்கள். வெற்றி விழாவில் ஒரு நகரசபை உறுப்பினர் போலீஸ் சங்கத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டி கோஷம் போட்ட வீடியோ இன்றும் சுற்றுகிறது. போட்டது பூடீன் இல்லை. போலீஸ்காரர்களும் அதை மறக்கவில்லை.

வந்ததும் என்ன மாத்தினார்? பெயிலே வேண்டாம்னுட்டாராமே?

2020 ஜனவரி 8 பதவியேற்பு. இரண்டே நாளில் ஏழு மூத்த வழக்கறிஞர்களை வீட்டுக்கு அனுப்பினார். அதே மாதம், பிணைத்தொகை கேட்பதைத் தன் அலுவலகம் நிறுத்துவதாக அறிவித்தார். கேங் உறுப்பினர் என்பதற்காகவும், மூன்றாவது குற்றம் என்பதற்காகவும் தண்டனையை ஏற்றிக் கேட்பதையும் கைவிட்டார். சிறுவர்களைப் பெரியவர்களாக விசாரிப்பதில்லை என்றார்.

பெயில் விஷயம் பலர் நினைப்பது போல இல்லை. ஆபத்தானவர் என்றால் காவலிலேயே வைக்கச் சொல்லலாம், இல்லையென்றால் நிபந்தனையோடு விடலாம், பணம் கட்ட முடிகிறதா என்பது அளவுகோலாக இருக்கக் கூடாது என்பதுதான் கொள்கை. இதே ஊரில் சில டாலரும் ஒரு வாசனைத் திரவியப் பாட்டிலும் திருடிய முதியவருக்கு லட்சக்கணக்கான டாலர் பிணை கேட்ட ஹம்ஃப்ரி வழக்கு உண்டு. வசதி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை அடைத்து வைக்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றமே அதில் தீர்ப்பளித்தது.

950 டாலர் வரைக்கும் திருடலாம்னு சட்டம் கொண்டுவந்தவர் இவர்தானே?

இல்லை. டி.ஏ.வால் சட்டம் இயற்ற முடியாது. 950 டாலருக்குக் குறைவான திருட்டைச் சிறு குற்றமாக்கியது முன்மொழிவு 47. 2014இல் மாநிலம் முழுக்க மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றியது. பூடீன் அப்போது தேர்தல் பக்கமே வரவில்லை. அதை எழுதியவர்களில் ஒருவர் காஸ்கோன்.

சிறு குற்றம் என்றாலும் குற்றம்தான், ஆறு மாதம்வரை சிறை உண்டு. டெக்சாஸில் இந்த எல்லை 2,500 டாலர். அங்கே யாரும் "2,500 வரை திருடலாம்" என்று ஃபார்வர்டு செய்வதில்லை. 2024இல் முன்மொழிவு 36 மூலம் கலிஃபோர்னியா வாக்காளர்களே திரும்பத் திருடுபவர்களுக்கான தண்டனையை இறுக்கிவிட்டார்கள்.

மருந்துக்கடையில சைக்கிளோட வந்து பை நிறைய அள்ளிட்டுப் போற வீடியோ பார்த்தேனே. கடைகளும் மூடிட்டாங்களே?

2021 ஜூனில் ஒரு வால்கிரீன்ஸ் கடையில் எடுத்தது. நிஜமான வீடியோதான். அந்த ஆள் பிடிபட்டார், பூடீன் அலுவலகம் வழக்கும் போட்டது. அந்த இரண்டாம் பாதி வைரலாகவில்லை. அக்டோபரில் திருட்டைக் காரணம் காட்டி ஐந்து கடைகளை மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. 2023 ஜனவரியில் அதன் நிதித் தலைவரே, போன வருடம் கொஞ்சம் அதிகமாகப் புலம்பிவிட்டோமோ என்கிற தொனியில் முதலீட்டாளர்களிடம் பேசினார். அதற்குள் பூடீனைப் பதவியிறக்கிய ஓட்டுப்பதிவு முடிந்து ஏழு மாதம்.

கார் கண்ணாடி உடைப்பு இவருக்கு முந்திய நோய். 2017இல் மட்டும் 30,000க்கு மேல் புகார். நூறு புகாரில் இரண்டுக்குக்கூடக் கைது நடக்காது. கைதே இல்லாதபோது டி.ஏ. எதன்மேல் வழக்குப் போடுவது? ஆனால் உடைந்த கண்ணாடியைப் பெருக்குகிறவரிடம் இந்த அதிகாரப் பிரிவினையை விளக்கினால் அவர் கேட்கமாட்டார்.

உள்ள இருக்க வேண்டியவனை வெளிய விட்டதால ரெண்டு பேர் செத்தாங்களாமே?

இதுதான் அவரை உண்மையில் வீழ்த்திய வழக்கு. 2020 டிசம்பர் 31 மாலை, போதையில் திருட்டுக் காரை ஓட்டிவந்த ஒருவர் சிவப்பு விளக்கைத் தாண்டி இரண்டு பெண்களை மோதிக் கொன்றார். பழைய கொள்ளை வழக்கில் பல வருடம் காவலில் இருந்தவர். முந்தைய டி.ஏ. காலத்தில் ஆயுள்வரை போகக்கூடிய வழக்கு அது. 2020 வசந்தத்தில் பூடீன் அலுவலகம், அதுவரை உள்ளே இருந்த காலமே தண்டனை என்று சமரசம் செய்து முடித்தது. பரோலில் வெளியே வந்தவர் அந்த வருடமே பலமுறை கைதானார். ஒவ்வொரு முறையும் புது வழக்குப் போடாமல் பரோல் அதிகாரிகளிடம் விட்டுவிட்டார்கள்.

பரோல் துறை அவரை உள்ளே வைத்திருக்கலாம், வைக்கவில்லை. சாவுக்குச் சில நாள் முன்பு ஒரு கார் திருட்டுப் புகார் பக்கத்து ஊர் போலீஸிடம் போயிருந்தது, அவர்களும் பிடிக்கவில்லை. பழி பலருக்கும் உண்டு. ஆனால் முதல் பதிலில் சொன்ன அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள்: புது வழக்கு வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்தது ஒரே அலுவலகம். பிறகு பூடீனே வேறு மாதிரி செய்திருக்கலாம் என்ற பொருளில் பேசி நடைமுறையை மாற்றினார். என்னைப் பொறுத்தவரை அவர் மீதான புகார்களில் மிகக் கனமானது இது. அவருடைய ஆதரவாளர்கள் இதை "ஒரே ஒரு வழக்கு" என்று தள்ளிவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

ஆசியக்காரங்க ஏன் அவ்வளவு கோபப்பட்டாங்க?

2021 ஜனவரி இறுதியில் காலை நடைக்குப் போன 84 வயது தாய்லாந்துக்காரர் ஒருவரை ஓர் இளைஞன் ஓடிவந்து தள்ளிவிட, அவர் இறந்துபோனார். கேமராவில் பதிவான காட்சி உலகம் முழுக்கப் போனது. கொலை வழக்கே போட்டார் பூடீன். ஆனால் பத்திரிகைப் பேட்டியில், அந்த இளைஞன் ஏதோ ஆத்திரத்தில் அடம்பிடித்தது போலத் தெரிந்தது என்று, குழந்தையைப் பற்றிப் பேசும் சொல்லில் சொல்லிவிட்டார். தள்ளிவிட்டதற்கு முந்திய நடத்தையைப் பற்றித்தான் சொன்னேன் என்ற விளக்கம் குடும்பத்தின் காதில் ஏறவில்லை. ஏறாது.

கோவிட் காலத்தில் ஆசிய முதியவர்கள் வெளியே போகவே பயந்தார்கள். சீனக் குடும்பங்கள் அதிகம் வாழும் மேற்குப் பகுதி ரீகாலுக்கு, அதாவது அவரைப் பாதியில் இறக்குவதற்கு, பலமாக ஓட்டுப் போட்டது.

போதைப்பொருள் விக்கிறவங்களை விட்டுட்டாரா?

வழக்கே போடவில்லை என்பது பொய். தண்டனை எந்தப் பிரிவில் முடிந்தது என்பதுதான் விவகாரம். 2021 முழுக்க, விற்பனைக்காக வைத்திருந்த குற்றத்தில் கிடைத்த தண்டனை மூன்றே மூன்று என்று 2022 மே மாதம், ஓட்டுப்பதிவுக்குச் சற்று முன், செய்தி வந்தது. ஃபென்டனில் என்ற கொடிய போதைப்பொருளை விற்றதற்காக ஒன்றுகூட இல்லை. காஸ்கோன் காலத்தில், 2018இல், 90க்கு மேல்.

டெண்டர்லாயின் என்ற பகுதியின் தெருக்களில் விற்பவர்களில் பலர் ஹோண்டுராஸ்காரர்கள். விற்பனைக் குற்றம் பதிவானால் நாடுகடத்தல் உறுதி. அதனால் "குற்றத்துக்குப் பின் உதவியவர்" என்ற வேறு பிரிவில் ஒப்புக்கொள்ள விட்டார்கள். தண்டனை உண்டு, நாடுகடத்தல் இல்லை. இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. ஆனால் வருடத்துக்கு 600, 700 பேர் அளவுமீறிய போதையால் சாகும் ஊரில், இந்தத் தர்க்கத்தை வாக்காளரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் செய்தியாளர் தோண்டி எடுக்கும்வரை விட்டது மோசமான அரசியல்.

போலீஸுக்கும் இவருக்கும் என்ன அவ்வளவு சண்டை?

இந்த ஊரில் அது பரம்பரைச் சண்டை. 2002 நவம்பரில் ஃபஹீட்டா உணவுப் பொட்டலத்துக்காகப் பணியில் இல்லாத போலீஸ்காரர்கள் அடித்ததாகத் தொடங்கிய விவகாரத்தில், 2003இல் போலீஸ் தலைவர்மீதே குற்றச்சாட்டுப் பதிவாகி, பிறகு அது கைவிடப்பட்டது. அப்போதைய டி.ஏ. டெரன்ஸ் ஹாலினன். அவரைத் தோற்கடித்துத்தான் ஹாரிஸ் வந்தார்.

பூடீன் ஒரு படி மேலே போனார். 2017இல் ஆயுதமில்லாத ஒருவரைச் சுட்டுக் கொன்ற போலீஸ்காரர்மீது 2020 நவம்பரில் வழக்குப் போட்டார். பணியின்போது கொன்றதற்காக இந்த ஊரில் ஒரு போலீஸ்காரர்மீது வந்த முதல் வழக்கு அது. தடியால் அடித்த இன்னொரு அதிகாரியின் வழக்கு 2022இல் ஜூரி முன்னால் போனது, பெரும்பாலான குற்றச்சாட்டுகளில் அவர் விடுதலை. அந்த விசாரணைக்கு முன்பு டி.ஏ. அலுவலகத்தின் புலனாய்வாளர் ஒருவரே, தகவலைப் போலீஸிடம் பகிராமலிருக்க அழுத்தம் வந்ததாகச் சாட்சி சொன்னார். உடனே போலீஸ் தலைவர் பில் ஸ்காட் டி.ஏ. அலுவலகத்துடனான கூட்டு விசாரணை ஒப்பந்தத்திலிருந்து விலகினார்.

2022 பிப்ரவரியில் பூடீன் ஒரு குண்டு போட்டார். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண் வருடங்களுக்கு முன் கொடுத்த டி.என்.ஏ.வை வைத்தே, அவரை ஒரு திருட்டு வழக்கில் போலீஸ் பரிசோதனைக் கூடம் அடையாளம் கண்டிருக்கிறது என்றார். வழக்கைக் கைவிட்டார். அந்த வருடமே அப்படிப் பயன்படுத்துவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் வந்தது. அவரைத் திட்டுகிறவர்கள்கூட இந்த ஒன்றில் அவர் செய்தது சரி என்பார்கள்.

சொந்த ஆபீஸ் ஆளுங்களே எதிரா திரும்பிட்டாங்களாமே, நிஜமா?

நிஜம். இரண்டு வருடத்துக்குள் 50க்கும் மேற்பட்ட வழக்கறிஞர்கள் விலகியோ விலக்கப்பட்டோ போனார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 2021இல் ஒரு நீதிபதி திறந்த நீதிமன்றத்திலேயே, ஆள் மாற்றமும் ஒழுங்கின்மையும் வழக்குகளைக் கெடுக்கிறது என்றார். அக்டோபரில் புரூக் ஜென்கின்ஸ் உட்பட இருவர் விலகி நேரே ரீகால் பிரசாரத்தில் சேர்ந்தார்கள்.

கொள்கை பிடிக்காதவர் போவது இயல்பு. ஆனால் கோப்பு ஒவ்வொரு மாதமும் கைமாறினால் சாட்சிகளும் பாதிக்கப்பட்டவர்களும் அலைவார்கள். ஒரு கொள்கையை நம்புகிறவர், அதை நடத்திக் காட்டும் அலுவலகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

ரீகால்னா என்ன? பணக்காரங்க காசு போட்டுத் தூக்கிட்டாங்கன்னு சொல்றாங்களே?

பதவிக்காலம் முடியும் முன்பே வாக்காளர்கள் திரும்ப அழைப்பது. குற்றம் நிரூபிக்கத் தேவையில்லை, போதிய கையெழுத்து இருந்தால் போதும். இங்கே 51,325 வேண்டும். முதல் முயற்சி 2021 கோடையில் கொஞ்சம் குறைந்து விழுந்தது. இரண்டாவது முயற்சி 83,000க்கு மேல் கொண்டுவந்தது. 2022 ஜூன் 7 ஓட்டுப்பதிவில், முன்மொழிவு எச் என்ற பெயரில், 55 சதவீதம் பேர் "போகட்டும்" என்றார்கள்.

பணம் பாய்ந்தது உண்மை. ரீகால் பக்கம் 70 லட்சம் டாலருக்கு மேல், எதிர்ப்பக்கம் அதில் பாதிகூட இல்லை. பெரிய கொடையாளிகளில் குடியரசுக் கட்சிக்குக் கொடுக்கும் முதலீட்டாளர் வில்லியம் ஓபர்ன்டார்ஃப் ஒருவர். ஆனால் பிரசாரத்தை நடத்திய மேரி ஜங் உள்ளூர் ஜனநாயகக் கட்சியின் முன்னாள் தலைவர். ஜனநாயகக் கட்சி ஓட்டே நிறைந்த ஊரில் 55 சதவீதத்தைப் பணத்தால் மட்டும் வாங்க முடியாது.

எச்-1பியில இருக்கிற நம்மவங்க இதுல ஓட்டுப் போட முடியுமா?

முடியாது. விசாக்காரர்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் டி.ஏ. தேர்தலில் ஓட்டில்லை. குழம்புவதற்குக் காரணம் உண்டு: சான் பிரான்சிஸ்கோவில் பிள்ளைகள் வைத்திருக்கும் குடியுரிமை இல்லாத பெற்றோர் பள்ளிக் குழுவுக்கு மட்டும் ஓட்டுப் போடலாம். 2022 பிப்ரவரியில் நடந்த பள்ளிக் குழு ரீகாலில் அப்படிப் போட்டவர்கள் உண்டு.

தமிழர்கள் அதிகமுள்ள ஃப்ரீமாண்ட் அலமீடா கவுண்டியில் வருகிறது. அங்கே வேறு டி.ஏ. அந்தக் கவுண்டியின் பமேலா பிரைஸ் 2024 நவம்பரில் இதேபோல் ரீகால் ஆனார். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் நிறைய.

சரி, இவர் காலத்துல குற்றம் கூடிச்சா குறைஞ்சுதா?

எந்தக் குற்றம், எந்த வருடத்தோடு ஒப்பிட்டு என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. 2020இல் சுற்றுலாப் பயணிகள் இல்லை, கார் உடைப்பும் சில்லறைத் திருட்டும் சரிந்து மொத்த எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது. வீடு, கடை புகுந்து திருடுவது அதே வருடம் ஏறியது. கொலை 2019இல் 41, 2020இல் 48, 2021இல் 56. நாடு முழுக்கவே, கடுமையான டி.ஏ.க்கள் இருந்த ஊர்களிலும், அந்த இரண்டு வருடம் கொலை கூடியது.

ஆகவே "இவரால் கூடியது" என்பதும் "மொத்தம் குறைந்ததே" என்பதும் தனக்கு வேண்டிய வரியை மட்டும் படிப்பது.

இவர் போனதும் ஊர் சரியாயிடுச்சா?

மேயர் பிரீட் ஜென்கின்ஸையே டி.ஏ.வாக நியமித்தார். போதை விற்பனையில் கெடுபிடி வந்தது. ஆனாலும் 2023இல் அளவுமீறிய போதையால் இறந்தவர்கள் 800க்கு மேல், அதுவரை இல்லாத அளவு. பிறகு இறங்கியது. போலீஸ்காரர்மீதான அந்த முதல் கொலை வழக்கை 2023இல் ஜென்கின்ஸ் கைவிட்டார்.

அவருக்கும் ஒரு சர்ச்சை ஒட்டிக்கொண்டது. ரீகாலில் தன்னார்வலர் என்று அறியப்பட்டவர், பிரசாரத்துக்குப் பணம் கொடுத்த அமைப்போடு தொடர்புள்ள ஓர் அமைப்பிடமிருந்து ஆலோசகராக ஒரு லட்சம் டாலருக்கு மேல் பெற்றிருந்தார் என்பது 2022 ஆகஸ்டில் வெளிவந்தது. மறுப்பு, விளக்கம், புகார் எல்லாம் நடந்தன. வாக்காளர்கள் அதே நவம்பரிலும் 2024இலும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

பூடீன் மேல ஊழல், முறைகேடுன்னு கேஸ் எதுவும் உண்டா?

பதவி பறிபோனது ஓட்டால் மட்டும்தான். வக்கீல் உரிமம் போகவில்லை. வித்தியாசம் புரிய வட கரோலினாவின் டர்ஹம் கவுண்டி டி.ஏ.வாக இருந்த மைக் நைஃபாங்கைப் பாருங்கள். 2006இல், தேர்தல் நேரத்தில், டியூக் பல்கலைக்கழக விளையாட்டு வீரர்கள் மூவர்மீது பாலியல் வன்முறை வழக்குப் போட்டு, அவர்களுக்குச் சாதகமான டி.என்.ஏ. முடிவை மறைத்தார். மூவரும் நிரபராதிகள் என்று 2007 ஏப்ரலில் மாநில அட்டர்னி ஜெனரல் அறிவித்தார். ஜூனில் நைஃபாங்கின் உரிமம் பறிபோனது, செப்டம்பரில் ஒரு நாள் சிறையிலும் இருந்தார்.

இரண்டு பேரையும் "சர்ச்சைக்குரிய டி.ஏ." என்றே எழுதுகிறார்கள். ஒருவர் சொன்னதைச் செய்து வாக்காளரை இழந்தார், மற்றவர் சாட்சியத்தை ஒளித்தார்.

இப்ப என்ன பண்றார்? திரும்ப நிப்பாரா?

2022 நவம்பர் தேர்தலில் நிற்கச் சட்டம் தடுக்கவில்லை, அவரே வேண்டாம் என்றார். 2023இல் பெர்க்லி சட்டக் கல்லூரியில் குற்றவியல் சட்டத்துக்கான புது மையம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரானார். சான் பிரான்சிஸ்கோவின் அடுத்த டி.ஏ. தேர்தல் 2028இல், அதிபர் தேர்தலோடு சேர்ந்து.